பழைய இரண்டு இருக்கை கன்வெர்டிபிள் கார் ஏன் மலிவாகக் கிடைக்கிறது? சென்னையில் அதை வைத்துக் கட்டுப்படியாகுமா?

கன்வெர்டிபிள் என்பது கூரையை மடக்கித் திறக்கக்கூடிய கார். பிள்ளைகளைப் பள்ளியில் விடவோ வீட்டாரோடு திருப்பதி போகவோ இரண்டு இருக்கை போதாது. அதனால் பழைய கார் சந்தையில் கேட்பவர் குறைவு, விலையும் இறங்கிவிடுகிறது. உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. கார் மலிவாக வந்தாலும் அதன் பிரேக்குக்கு விலையுயர்ந்த காரின் கணக்கில்தான் பணம் எடுத்துவைக்க வேண்டும்.

வெயில், கூரையின் ஓரங்களில் உள்ள ரப்பரை இறுகச் செய்யும். ஆனால் சென்னையில் நிஜமான எதிரி ஐப்பசி, கார்த்திகை மழைதான். கூரையோரம் இறங்கும் தண்ணீர் மெல்லிய வடிகுழாய்கள் வழியே கீழே போக வேண்டும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் சருகும் பூவும் அவற்றை அடைத்துவிடும். மொட்டைமாடிக் குழாய் அடைத்தால் கீழ்வீட்டில் ஒழுகுவதைப் போலத்தான் இதுவும். 2002 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4 காரில் கூரையை இயக்கும் மோட்டார் அந்த வடிகாலின் பள்ளத்திலேயே இருக்கிறது. அடைப்பு வந்தால் மோட்டார் மூழ்கிப்போகும். (எந்தப் புண்ணியவான் அதை அங்கே வைத்தாரோ!)

ஆகவே, வாங்கும் முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள கம்பளத்தைத் தூக்கி விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். மூடிய நிறுத்துமிடம் இல்லாதவர்களுக்கு நான் இந்தக் காரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிலையான கூரை இல்லாததால் கன்வெர்டிபிளின் எடை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். கூரை தரும் உறுதியை அடிச்சட்டத்தில் ஈடுகட்ட வேண்டியிருப்பதால், அதே மாடலின் மூடிய வடிவத்தைவிடப் பெரும்பாலும் இதுதான் கனமாக இருக்கும்.