ஐந்து நாளாகியும் இறுகாத சிலிகான்

கேள்வி: குளியலறையில் கை கழுவும் தொட்டிக்கும் சுவர் டைல்ஸுக்கும் இடையிலிருந்த இடைவெளியைச் சிலிகான் சீலண்டால் அடைத்தேன். அலமாரியில் வெகுநாளாகத் திறக்காமல் கிடந்த டியூப் அது. ஐந்து நாளாகியும் தொட்டால் பசைபோல் விரலில் ஒட்டுகிறது. அதன்மேல் புதிய சிலிகானைப் பூசினால் சரியாகிவிடுமா? ஹேர் டிரையரால் சூடாக்கிப் பார்க்கலாமா?

பதில்: இரண்டுமே பயன் தராது. உங்கள் சிலிகான் பெரும்பாலும் காலாவதியானதாகவே இருக்க வேண்டும்.

இவ்வகைச் சிலிகான் பெயின்ட்டைப் போல உலர்வதில்லை. காற்றிலுள்ள ஈரப்பதத்துடன் வினைபுரிந்தே இறுகுகிறது. அதனால் டிரையரின் சூடான, வறண்ட காற்று அதற்கு உதவாது. டியூபுக்குள் இருக்கும்போதே பிளாஸ்டிக்கின் வழியாக ஈரம் மெல்ல மெல்லப் புகுந்து, இறுகச் செய்யும் வேதிப்பொருளைச் செலவழித்துவிடுவதால், நாள்பட்ட சிலிகான் பார்வைக்குப் புதிதாகவே தோன்றினாலும் எத்தனை வாரம் காத்திருந்தாலும் பசையாகவே நிற்கும். டியூபின் அடியில் அச்சிட்ட தேதியை ஒருமுறை பாருங்கள்.

வெறும் தாமதத்தை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நல்ல சிலிகானில் பூசிய சிறிது நேரத்திலேயே மேலே மெல்லிய தோல் படிந்துவிடும். அதன்பின் வெளியிலிருந்து உள்நோக்கி, சாதாரண வெப்பத்தில், நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 முதல் 3 மி.மீ. ஆழமே இறுகும். இடைவெளி ஆழமானதாக இருந்தாலோ, இருபுறமும் கண்ணாடி, உலோகம் போன்ற ஈரம் புகாத பொருள்கள் இருந்தாலோ உட்பகுதி பல நாள் குழைவாகவே இருக்கலாம். அப்போது பொறுமைதான் மருந்து. உங்களுடையதில் ஐந்தாம் நாளும் மேல்தோலே படியவில்லை என்பதால் காத்திருப்பது வீண்.

ஆகவே முழுவதையும் எடுத்துவிடுங்கள். முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பசை பரவித் தொல்லைதான் மிஞ்சும். பிளாஸ்டிக் சுரண்டியால் திரளை வழித்தெடுத்து, உலர்ந்த காகிதத் துண்டால் துடைத்து, மாற்றி மாற்றிப் புதுத் துண்டெடுங்கள். எஞ்சிய பிசுக்குப் படலத்தை டர்பென்டைனாலும், பின்னர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலாலும் துடைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து, அருகில் நெருப்பின்றிச் செய்யுங்கள். இந்த வேலை எரிச்சலூட்டும், ஆனால் குறுக்குவழி கிடையாது: இறுகாத பசையின்மேல் பூசும் புதிய சிலிகான் டைல்ஸைத் தொடவே தொடாது, விரைவிலேயே நாடாவைப்போல் உரிந்து வரும்.

புதிய டியூபைத் திறந்ததும் காகிதத்தில் ஒரு கோடு இழுத்து மறுநாள் பாருங்கள். ரப்பராகியிருந்தால் தொட்டியில் பூசலாம். ஆழம் அகலத்தைவிட மிகாதபடி, தேவையானால் உள்ளே நுரை வடத்தை (இடைவெளியை நிரப்பும் நுரைக் கயிறு) திணித்து அடையுங்கள். சுவரில் மார்பிளோ சிமென்டுப் பூச்சோ இருந்தால், வினிகர் மணம் வீசும் அமில வகையைத் தவிர்த்து நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசியபின் டியூபில் குறிப்பிட்ட நேரம்வரை, பொதுவாக ஒரு நாளாவது, அந்த இடத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.