பிராண்ட் அதேதான், பை மட்டும் ஏன் சீக்கிரம் கிழிகிறது?

பல நேரம் முதுகுப்பை பிராண்டுகளின் பெயர்கள்தான் வேறு வேறு, முதலாளி ஒருவரே. அமெரிக்காவின் வி.எஃப். கார்ப்பரேஷன் 1986இல் ஜான்ஸ்போர்ட்டை வாங்கியது. 2000இல் ஈஸ்ட்பேக், நார்த் ஃபேஸ் இரண்டையும் சேர்த்துக்கொண்டது. கடையில் அடுத்தடுத்துத் தொங்கினாலும் போட்டி பெயரளவில்தான். அதற்காக இவர்கள் பை எல்லாம் மட்டம் என்று சொல்ல வரவில்லை. பொதுவாகவே, விலையை ஏற்றாமல் லாபம் பார்க்க நினைக்கும் நிறுவனம் கண்ணில் படாத இடத்தில்தான் கை வைக்கும்: துணியின் டெனியர் (நூலின் தடிமனைக் காட்டும் அளவு), ஜிப், உள்தையலை மூடும் ஓரப்பட்டி.

வாங்கும்போது தோள்வார் பையோடு சேரும் இடத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே முன்னும் பின்னுமாக நெருக்கி அடித்த தையல் இருக்க வேண்டும். ஒற்றை வரி என்றால் புத்தகச் சுமைக்குத் தாங்காது. அப்புறம், உள்ளே துணி ஓரம் நூல் பிரிந்து தொங்கினால், வாரண்டி அட்டை எவ்வளவு பளபளத்தாலும் சரி, வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.