முதியவர்களோடு பங்கிலிருந்து புனித பூமி யாத்திரை: எதைக் கவனிக்க வேண்டும்?

கொழும்பிலிருந்து ஒரு பங்குக் (தேவாலயச் சமூகக்) குழு புனித பூமிக்குப் போகிறது, பாதிப்பேர் 60 வயது தாண்டியவர்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வீசாவை விட நடைதான் பெரிய சிக்கல்.

எருசலேம் பழைய நகரின் சந்துகளுக்குள் பஸ் போகாது. இயேசு சிலுவை சுமந்து போன வழியாகக் கருதப்படும் சிலுவைப் பாதையின் 14 நிலைகளில் முதல் ஒன்பதும் கடைத்தெருச் சந்துகள் வழியே கற்படிகளில் ஏறிப் போகின்றன. கடைசி ஐந்து நிலைகள் திருக்கல்லறை ஆலயத்துக்குள். வழவழவென்று தேய்ந்த கற்கள், ரப்பர்ச் செருப்பு வழுக்கும். காலிமுகத்திடலின் சமதரையில் நடந்து பழகினால் போதாது, படி ஏறிப் பழகச் சொல்லுங்கள். அதிகாலையிலேயே தொடங்குங்கள். நேரம் போகப் போகக் கல்லறை வரிசை நீளும், முழங்கால் வலிக்காரர் நின்றே களைத்துவிடுவார்.

இயேசு உருமாறிய இடமாகக் கருதப்படும் தாபோர் மலை உச்சிக்கும் பெரிய பஸ் ஏறாது, அடிவாரத்தில் சிறு வாகனத்துக்கு மாற வேண்டும்.

பெத்லகேம் பாலஸ்தீனப் பகுதியில் இருப்பதால் சோதனைச் சாவடி உண்டு. கடவுச்சீட்டில் முத்திரைக்குப் பதிலாகத் தரும் சிறு நுழைவுச் சீட்டையும் எல்லோரும் கையில் வைத்திருக்க வேண்டும். அங்குள்ள இயேசு பிறப்பு ஆலயத்தின் வாசல் ஏறக்குறைய 1.2 மீற்றர் உயரம்தான். குனிய முடியாதவரை ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும்.

திருப்பலி நேரத்தை பிரான்சிஸ்கன் துறவிகளிடம் முன்பே பதியுங்கள். பங்குத்தந்தை குருவுக்குரிய அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துவர வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம்.

வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை யூதர்களின் ஓய்வுநாள். யூதப் பகுதிகளில் கடைகள் மூடியிருக்கும், மருந்தை முன்பே வாங்கிவிடுங்கள்.