அகாதமி ஓவியர்கள் மனித உருவத்தை அவ்வளவு துல்லியமாக வரைந்தது எப்படி?

அரசுக் கலைப் பள்ளிகளின் மரபுப்படி பயின்று வரைந்த இந்த ஓவியர்களின் துல்லியம் பிறவித் திறமையா, பயிற்சியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் பயிற்சிதான். பிரெஞ்சு ஓவியர் வில்லியம் பூகரோவைப் பாருங்கள். 1825இல் லா ரோஷெலில் பிறந்தவர். போர்தோவில் ஓவியம் படித்த காலத்தில் ஜாம் லேபிள்களுக்கு வண்ணம் தீட்டிச் சம்பாதித்தார். 1846இல் பாரிஸின் அரசு நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அந்தக் காலப் பயிற்சியில் எடுத்தவுடன் தூரிகையைத் தொட முடியாது. முதலில் அச்சுப்படங்களைப் பார்த்து வரைய வேண்டும், பிறகு பழைய சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்புகள், அப்புறம்தான் உயிருள்ள மாடல். சதைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பூகரோ பிண அறுவையையும் நேரில் பார்த்தார். 1850இல், வென்றவர்களை அரசு செலவில் ரோமில் தங்கிப் படிக்க அனுப்பும் ரோம் பரிசு கிடைத்தது. இத்தாலிக்குப் போய், மறுமலர்ச்சிக் கால ஓவியர் ரஃபேலின் ஓவியங்களைப் பிரதி எடுத்தார்.

ஒரு பெரிய படத்துக்கு முன் அவர் செய்த தயாரிப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னக் கோட்டோவியம், துணி மடிப்புக்குத் தனி ஆய்வு, தலைக்கும் கைக்கும் தனித்தனி ஆய்வு, எண்ணெய் வண்ண முன்வரைவு. இவையெல்லாம் முடிந்த பிறகே கேன்வாஸ்.

தொழிலிலும் குறை இல்லை. அமெரிக்கச் செல்வந்தர்கள் விரும்பி வாங்கினார்கள். 1876இல் பிரான்சின் உயரிய கலை அமைப்பான நுண்கலை அகாதமியின் உறுப்பினரானார். அவர் படித்த அரசுப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவில்லை. பெண்களுக்கும் இடம் தந்த ஜூலியன் அகாதமி என்ற தனியார் கலைப் பள்ளியில் பூகரோ கற்றுக்கொடுத்தார். 1905இல் இறந்தபின் அவர் மதிப்பு சரிந்தது. 1984இல் பாரிஸில் தொடங்கிய பெரிய கண்காட்சிதான் அவரைப் பற்றித் திரும்பப் பேசவைத்தது.