ஹவாய் போகிறீர்களா? எரிமலையைவிட ஓடையைக் கவனியுங்கள்

கேள்வி: டிசம்பர் கடைசியில் கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வாரம் ஹவாய் போகிறோம். ஒவாஹு, கவாயி என்று இரண்டு தீவுகள். கூட 68 வயது அம்மா வருகிறார், அவருக்கு முழங்கால் வலி உண்டு. மகனுக்கு 7 வயது, அருவியில் குளிக்க வேண்டும் என்கிறான். எந்தப் பூங்காவுக்கு முன்பதிவு தேவை? அம்மா டைமண்ட் ஹெட் குன்றில் ஏறலாமா? எரிமலைத் தீவு என்பதால் ஆபத்து உண்டா?

பதில்: எரிமலைக் கவலையை முதலில் முடித்துவிடலாம். கிலாவேயா, மௌனா லோவா ஆகிய துடிப்பான எரிமலைகள் இருப்பது நீங்கள் போகாத 'பெரிய தீவில்', அதாவது ஹவாய் என்ற பெயருள்ள தீவில். நீங்கள் போகும் கவாயி சுமார் 50 லட்சம் ஆண்டு பழைய தீவு. அதன் எரிமலை எப்போதோ அணைந்துவிட்டது. அங்கே பயப்பட வேண்டியது தண்ணீருக்குத்தான்.

இத்தனை ஆண்டு மழை அறுத்ததில் கவாயியின் பள்ளத்தாக்குகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் ஆகிவிட்டன. நடுவில் இருக்கும் வயாலியாலி மலை, உலகிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. உச்சியில் கொட்டும் மழை வெகு சீக்கிரம் கீழே ஓடைக்கு வந்துவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், ஒரு துளிகூட விழாமல் இருக்கலாம். தண்ணீர் திடீரென்று பழுப்பாகிறதா, இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றனவா, மேலே எங்கோ இரைச்சல் கேட்கிறதா? பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். ஓடையின் அக்கரையில் மாட்டிக்கொண்டால், தண்ணீர் வடியும்வரை அங்கேயே காத்திருங்கள். இறங்கிக் கடக்கப் போனவர்கள்தான் உயிரை விட்டிருக்கிறார்கள்.

அதனால் மகனின் அருவிக் குளியலுக்கு என் பதில்: இந்தப் பயணத்தில் வேண்டாம். டிசம்பர் அங்கே மழைக்காலம். பாறை சரியும் ஆபத்தும் உண்டு. ஒவாஹுவின் சேக்ரட் ஃபால்ஸ் பூங்காவில் 1999 மே மாதம் பாறைகள் சரிந்து 8 பேர் இறந்தார்கள். அன்று மூடிய பூங்கா, இன்றுவரை மூடியே இருக்கிறது. இணையத்தில் யாராவது அதற்கு வழி சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, ஹவாயின் நன்னீர்க் குட்டைகளில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் சிராய்ப்போடு இறங்கும் பிள்ளைக்கு அது நல்லதில்லை. குளிக்க வேண்டுமென்றால் கவாயியின் தெற்கே பொயிப்பூ கடற்கரைக்குப் போங்கள், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். குளிர்காலத்தில் பேரலைகள் வருவது வடக்குக் கரைக்கு.

சரி, முன்பதிவு. வெளிமாநிலத்தவர் ஒவாஹுவில் டைமண்ட் ஹெட்டுக்கும் கவாயியின் வடகரையில் உள்ள ஹாயெனா பூங்காவுக்கும் பதிவு செய்தே ஆக வேண்டும். இரண்டுக்கும் 30 நாள் முன்பு பதிவு திறக்கும். கஷ்டம் ஹாயெனாதான். 2018 ஏப்ரலில் கவாயியின் வடகரையில் 24 மணி நேரத்தில் 1,262 மி.மீ. மழை பெய்து சாலையே பிய்ந்துபோனது. 2019 ஜூனில் பூங்காவைத் திரும்பத் திறந்தபோது ஒரு நாளைக்கு 900 பேர் என்று வரம்பு வைத்தார்கள். எனக்கு அது மிகச் சரியான முடிவாகப் படுகிறது. அந்த ஒற்றைச் சாலையும் அங்கே வாழும் மக்களும் அதற்குமேல் தாங்க மாட்டார்கள். ஹவாய் நேரம் நள்ளிரவுக்கு, அதாவது உங்களுக்கு அதிகாலை 2 மணிக்கு, பதிவு திறந்ததுமே கார் நிறுத்தும் இடங்கள் பறந்துவிடும். கிடைக்காவிட்டால் ஷட்டில் பேருந்துக்குப் பதியுங்கள். இந்தத் தேதி கையில் வந்த பிறகு மற்ற நாட்களைத் திட்டமிடுங்கள். கைபேசி சிக்னல் அங்கே கிடைக்காது, அனுமதிச்சீட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாயெனாவில் தொடங்கும் கலாலாவ் பாதையில் முதல் 800 மீட்டர் ஏறினாலே நாபாலி மலைக்கரை விரிந்து தெரியும். பையனோடு அதோடு திரும்பிவிடுங்கள். பாதை சேறும் கல்லுமாக இருக்கும், அம்மா வேண்டாம். 3.2 கி.மீ.யில் வரும் ஹனகாபியாய் ஓடைக்குப் பாலம் கிடையாது.

டைமண்ட் ஹெட்டும் அம்மாவுக்கு ஒத்துவராது. தூரம் என்னவோ ஒரு பக்கம் 1.3 கி.மீ.தான். ஆனால் 560 அடி ஏற்றம். 1908இல் ராணுவம் போட்ட பாதை அது, தரை கரடுமுரடு. அப்புறம் ஒரு சுரங்கவழி, செங்குத்தான படிகள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். நீங்களும் மகனும் காலை முதல் நேரத்தில் ஏறிவிட்டு வாருங்கள். நுழைவு ஆளுக்கு 5 டாலர், கார் நிறுத்த 10 டாலர்.

ஒவாஹுவில் அம்மாவுக்கு நுவானு பாலி காட்சிமுனை. கார் நிறுத்துமிடத்திலிருந்து சில அடி நடந்தால் போதும், பதிவு வேண்டாம். காற்று ஆளையே தள்ளும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கவாயியில் வைமியா பள்ளத்தாக்கும் அதற்கு மேலே கோகே பூங்காவும் அவருக்கென்றே அமைந்தவை. காரிலேயே போய் ஒவ்வொரு காட்சிமுனையிலும் இறங்கிப் பார்க்கலாம். கட்டணம் உண்டு, பதிவு இல்லை. சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கும் கலாலாவ் காட்சிமுனைக்கு முதலில் போய்விட்டு, திரும்பும் வழியில் வைமியாவைப் பாருங்கள். மேலே நேரம் ஆக ஆக மேகம் மூடிவிடும். மூடியிருந்தாலும் உடனே கிளம்பாமல் அரைமணி நேரம் காத்திருங்கள், பல நாள் விலகும். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த உயரத்தில் டிசம்பர் காலை நன்றாகவே குளிரும்.