நியூ ஜெர்சியில் அபராதம் இன்னும் இருக்கிறது

வணக்கம். வேலை போய் ஒரு மாதம், மருத்துவக் காப்பீடும் நின்றுவிட்டது, "ஒபாமாகேர் அபராதத்தைத்தான் எடுத்துவிட்டார்களே, வருஷக் கடைசி வரை அப்படியே இருக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இருக்காதீர்கள். ஒபாமாகேர் எனப்படும் 2010-ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் காப்பீடு இல்லாதவர்களுக்கு விதித்த அந்த அபராதம் ஒரு வரி என்ற அடிப்படையில்தான் 2012-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. 2019 முதல் மத்திய அரசு அதைப் பூஜ்யமாக்கியதும் உண்மை. ஆனால் அதே ஆண்டு நியூ ஜெர்சி தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது. மாநில வரித் தாக்கலின்போது வந்து நிற்கும். அது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். உடம்பு நன்றாக இருப்பவர்கள் ஒதுங்கினால் நோயாளிகளின் பிரீமியம்தான் ஏறும்.

சரி, காப்பீடு நின்ற நாளிலிருந்து 60 நாளுக்குள் மாநில அரசின் காப்பீட்டுச் சந்தையான கெட் கவர்டு நியூ ஜெர்சி தளத்தில் பதிவு செய்துவிடுங்கள். இந்த ஆண்டின் மொத்த வருமானத்தைச் சரியாகப் போடுங்கள். குறைத்துக் காட்டினால் பிரீமியத்துக்காக வாங்கிய அரசு மானியத்தை வரியோடு திருப்பிக் கட்ட நேரும். கோப்ராவில், அதாவது பழைய கம்பெனிக் காப்பீட்டையே சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளும் வழியில், தொடரலாம்தான், ஆனால் கம்பெனி கட்டிவந்த பங்கும் சேர்ந்து மொத்தப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை கேட்பார்கள். அதற்கும் 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் திடீரென்று ஆஸ்பத்திரி போக நேர்ந்தால், அப்போது கோப்ரா எடுத்தாலும் பழைய காப்பீடு நின்ற நாளிலிருந்தே செல்லும்.