கோலாலம்பூர் பியூட்டர் கோப்பைகளை வடிவமைத்தது யார்?

கோலாலம்பூரின் செத்தாப்பாக் பகுதியில் ராயல் சிலாங்கூர் நிறுவனம் பியூட்டர் என்ற உலோகக் கலவையில் செய்யும் பாத்திரங்களின் வடிவம் யார் யோசனை என்று கேட்டிருந்தீர்கள். தொடக்கம் அந்த நிறுவனத்தை ஆரம்பித்த யோங் கூன். 1885இல் சீனாவின் சாந்தோவிலிருந்து வந்தவர். அவர் செய்தது சாப்பாட்டு மேசைக்கு இல்லை, சீனர்களின் பூசை மேடைக்கு: ஊதுவத்தித் தாங்கி, மெழுகுவத்தித் தண்டு. வெள்ளைக்காரர்கள் வாங்க ஆரம்பித்த பிறகுதான் பீர் குவளை, தேநீர்க் கூஜா எல்லாம். ஆக, வாங்குபவர்தான் பாதி வடிவமைப்பாளர்!

பின்னாளில் டென்மார்க்கின் எரிக் மாக்னுசனும் இவர்களுக்கு வடிவமைத்தார். அவர் மட்பாண்டக் கலை படித்தவர். 1977இல் ஸ்டெல்டன் என்ற டென்மார்க் நிறுவனத்துக்காக அவர் உருவாக்கிய ஃபிளாஸ்க்கைச் சாய்த்தால் மூடி தானாகத் திறக்கும். அலங்காரத்தை நம்பாத இந்த மாதிரி வேலைதான் எனக்குப் பிடிக்கும்.

அப்புறம், பியூட்டரில் பெரும்பங்கு வெள்ளீயம். நம் ரசத்துக்கான ஈயச் சொம்பும் அதேதான். வெறுமனே அடுப்பில் ஏற்றினால் இரண்டுமே உருகிவிடும்.